கணக்கெடுப்பாளர் போன பிறகு யார் படிப்பது?

பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நாடு தன் மக்களை மீண்டும் எண்ணுகிறது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அது நடக்கும் என 2025 ஜூன் 16-ல் அறிவிக்கப்பட்டது. வீடுகளைப் பட்டியலிடும் முதல் கட்டத்துக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், ஆட்களை எண்ணும் இரண்டாம் கட்டத்துக்கு 2027 பிப்ரவரியும் குறிக்கப்பட்டன. ஏறத்தாழ 30 லட்சம் பேர் களப்பணிக்குத் தேவைப்படுகிறார்கள்.

கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கேட்டு வாங்கிய விடைகளைச் சரிபார்த்து, ஒப்பிட்டு, ஊருக்கு என்ன பொருள் என்று சொல்லும் வேலைக்கு ஆண்டுகள் பிடிக்கும். முதல் வேலைக்கு ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வேலைக்குத் தேவையானவர் மக்கள்தொகையியலாளர். அப்படி ஒரு படிப்பும் தொழிலும் இருப்பதே தமிழகத்தின் கடலோரப் பள்ளிகளில் பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது. இந்தக் குறை சின்னதாகத் தெரியலாம். அதன் விளைவு ரேஷன் அரிசி முதல் குடிநீர்க் குழாய் வரை நீள்கிறது.

மக்கள்தொகையியல் என்பது என்ன?

ஓர் ஊரின் மக்கள்தொகை மூன்று வழிகளில்தான் மாறும்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. பழைய எண்ணிக்கையோடு பிறந்தவரைக் கூட்டி, இறந்தவரைக் கழித்து, வந்து குடியேறியவரைச் சேர்த்து, வெளியேறியவரை நீக்கினால் புதிய எண்ணிக்கை கிடைக்கும். மக்கள்தொகையியல் முழுவதும் இந்த எளிய கணக்கின் மேல் எழுந்ததுதான்.

கணக்கு எளிது; அதற்கு வேண்டிய எண்களைப் பெறுவது கடினம். ஊரில் எத்தனை பேர் என்பதோடு, எந்த வயதில் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், திருமணம் எந்த வயதில், குழந்தைகள் எத்தனை, வேலைக்கு எங்கே போகிறார்கள், எந்த வயதில் எதனால் இறக்கிறார்கள் என்பவை அனைத்தும் சேர்ந்தால்தான் ஊரின் உருவம் தெரியும்.

ஐந்து வயதுக் குழந்தைகள் குறைந்துகொண்டே போகும் ஊரில் புது வகுப்பறை கட்டுவது வீண். எழுபது வயதைக் கடந்தோர் பெருகும் ஊரில் சர்க்கரை நோய்க்கும் கண்புரைக்கும் மருத்துவ வசதி இல்லாமல் இருப்பது கொடுமை. இரண்டையும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கணித்துச் சொல்வது இந்தத் துறையின் வேலை.

வாலிநோக்கத்தை எண்ணுவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கிறது வாலிநோக்கம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. மறுபக்கம் உவர் நிலம். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர் - வாலிநோக்கம் உப்பளம் இங்கேதான் இருக்கிறது. மீன்பிடிப்பு, உப்பளக் கூலி, வெளிநாட்டுச் சம்பாத்தியம் ஆகியவையே இந்தக் கரையின் பிழைப்பு.

இப்படிப்பட்ட ஊரை எண்ணுவது நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பை எண்ணுவது போன்றதல்ல. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுவீடாக எண்ணினார்கள். அந்த நாள்களில் ஒரு பகுதியாவது வீட்டில் தங்கியவரும், அதற்குள் திரும்பி வரக்கூடியவரும் மட்டுமே அந்த வீட்டின் கணக்கில் சேர்ந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் வெளியே இருந்தவர் சேரவில்லை.

இதன் விளைவைக் கீழக்கரை முதல் வாலிநோக்கம் வரை உள்ள கரையில் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போனவரை இந்தப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் சபராளி என்று அழைக்கும். குடும்ப அட்டையில் பெயர் இருக்கும். மாதாமாதம் பணம் வரும். பிள்ளைகளின் கல்யாணத்தை அவர்தான் தீர்மானிப்பார். கணக்கெடுப்பில் அவர் இருக்கமாட்டார்.

வேலையைப் பதிவதிலும் இதே சிக்கல் உண்டு. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைவாகப் பார்த்தவர் குறுநிலைத் தொழிலாளர். வேலையே பார்க்காதவர் தொழிலாளர் அல்லாதவர் என்பது கணக்கெடுப்பின் பகுப்பு. மன்னார் வளைகுடாக் கரையில் கடல்பாசி எடுக்கும் பெண், கடல் வற்றும் நாள்களில் மட்டும் தண்ணீருக்குள் இறங்குகிறார். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் பாசி எடுக்கும் பெண் "வீட்டு வேலைதான்" என்று சொல்லிவிடக்கூடும். கேட்பவரும் அப்படியே பதிவு செய்துவிட்டால், கையுறை போட்டுக்கொண்டு பாறைகளுக்கு நடுவே மூச்சடக்கி மூழ்கும் ஒரு தொழிலாளி பட்டியலிலிருந்து மறைந்துபோகிறார். அவருக்காகத் தீட்டப்பட வேண்டிய திட்டமும் மறைந்துபோகிறது.

கரையை அறிந்த மக்கள்தொகையியலாளருக்கு இந்த இடத்தில்தான் மதிப்பு. பெண் தொழிலாளர் எண்ணிக்கை திடீரெனக் குறைந்திருந்தால், பெண்கள் வேலையை விட்டார்களா அல்லது கேள்வி கேட்ட முறை தவறா என்று அவர் சந்தேகப்படுவார். சந்தேகப்படத் தெரிவதே இந்தத் தொழிலின் முதல் தகுதி.

எண்ணிக்கையில் எது தங்கியிருக்கிறது?

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புற மக்களில் 75 விழுக்காட்டினருக்கும், நகர்ப்புற மக்களில் 50 விழுக்காட்டினருக்கும் மானிய தானியம் வழங்க வகை செய்தது. எத்தனை பேர் என்பதற்கு 2011 கணக்கே அடிப்படை. அதன் பின் பிறந்த குழந்தைகள் பதினைந்து வயதை நெருங்கியும் அந்த மொத்தத்துக்குள் வரவில்லை.

உள்ளாட்சி வார்டுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எத்தனை இடம் என்பதும் கணக்கெடுப்பைப் பொறுத்தது. மக்களவைத் தொகுதிகளை மாநிலங்களுக்குப் பங்கிடுவதற்கு இன்றும் 1971-ஆம் ஆண்டின் எண்ணிக்கையே அடிப்படை. 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அது மாறாது என்று 2001-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பிறப்பைக் கட்டுப்படுத்திய தமிழகம் அதற்காகவே தன் 39 இடங்களில் சிலவற்றை இழக்குமோ என்ற கவலை எழுந்தது இதனால்தான்.

15-வது நிதிக்குழு மாநிலங்களுக்கு வரியைப் பங்கிட்டபோது 2011 மக்கள்தொகைக்கு 15 விழுக்காடும், பிறப்பைக் கட்டுப்படுத்திய சாதனைக்கு 12.5 விழுக்காடும் மதிப்பு கொடுத்தது. அரசியல் மேடையில் பேசப்படும் மாநில உரிமை, கடைசியில் இப்படி ஒரு எண்ணாகவே கோப்பில் வந்து நிற்கிறது.

குடிநீர் இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயும் தொட்டியும் அடுத்த முப்பது ஆண்டுகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கணிப்பை வைத்தே அளவிடப்படுகின்றன. கணிப்பு தவறினால், கடலோரத்தின் கடைசி ஊர்களில் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். ராமேசுவரத்துக்கும் ஏர்வாடிக்கும் வந்து போகும் யாத்ரீகர்கள் அந்த ஊர்களின் குடிமக்கள் கணக்கில் இல்லை. அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

எண்ணப்படாமல் போவதன் துயரத்தை இந்தக் கரை ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் ரயிலோடு கடல் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர் என்று இன்றும் திட்டமாகச் சொல்ல முடியாது. பயணச்சீட்டு வாங்காமல் ஏறியவர்களுக்குக் கணக்கு இல்லை.

பாக் நீரிணையின் மறுகரையில் இன்னொரு பாடம் உண்டு. இலங்கையில் 1981-க்குப் பிறகு நாடு முழுவதையும் தழுவிய கணக்கெடுப்பு 2012-ல்தான் நடந்தது. போரால் 2001-ல் வடக்கிலும் கிழக்கிலும் முழுமையாக எண்ண முடியவில்லை. ஒரு தலைமுறைத் தமிழர்களின் பிறப்பும் இறப்பும் இடப்பெயர்வும் அந்த முப்பத்தொரு ஆண்டு இடைவெளிக்குள் கிடக்கின்றன. எத்தனை பேரை இழந்தோம் என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் இன்றும் அந்த இடைவெளியில் தடுமாறுகிறார்கள்.

மாவட்டச் சராசரிக்குள் மறையும் ஊர்

2011-ல் ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 13,53,445. ஆயிரம் ஆண்களுக்கு 983 பெண்கள். எழுத்தறிவு 80.72 விழுக்காடு, மாநிலச் சராசரியான 80.09-ஐவிடச் சற்று அதிகம். இந்த எண்களை மட்டும் பார்த்தால் மாவட்டம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் 2018-ல் மத்திய அரசு வளர்ச்சியை விழையும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழகத்திலிருந்து சேர்க்கப்பட்ட இரண்டில் ஒன்று ராமநாதபுரம், மற்றது விருதுநகர்.

சராசரி ஒரு போர்வை. பரமக்குடியின் நெசவாளரும், கமுதியின் மிளகாய் விவசாயியும், வாலிநோக்கத்தின் மீனவரும் அதற்குள் ஒன்றாகப் படுத்திருப்பார்கள். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 707 மாவட்டங்களில் ஏறத்தாழ 6.37 லட்சம் வீடுகளில் நடந்தது. மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடுகள். ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு வீடுகூட அதில் இல்லாமல் போகலாம்.

சிறிய ஊருக்குத் தனியாகக் கணக்குப் பார்த்தாலும் ஆபத்து உண்டு. ஆண்டுக்கு 60 குழந்தைகள் பிறக்கும் ஊர் ஒன்றில் ஒரு குழந்தை இறந்தால் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 17 என்று வரும். மறு ஆண்டு எந்தக் குழந்தையும் இறக்காவிட்டால் அது பூஜ்யம். இதை வைத்து "மாபெரும் முன்னேற்றம்" என்று அறிக்கை எழுதுவதும், முந்தைய ஆண்டை வைத்துச் செவிலியரைக் கண்டிப்பதும் இரண்டுமே தவறு. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தப் படிப்பின் பாலபாடம்.

எல்லைகள் மாறுவது இன்னொரு கண்ணி. 1910-ல் உருவான ராமநாதபுரம் மாவட்டம் 1985-ல் மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போயின. 1981-ன் ராமநாதபுரத்தையும் 1991-ன் ராமநாதபுரத்தையும் அப்படியே ஒப்பிட்டால் மக்கள் கூட்டமாக ஊரைவிட்டு ஓடியதுபோல் தெரியும்.

சரியாகப் படித்தால் எண்கள் நிறையச் சொல்லும். 1947-ல் தொடங்கப்பட்டு, 1971-ல் தலைமையகத்தை மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாற்றிக்கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல்சார் மீனவர் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. 2010-ல் தமிழகத்தின் 573 மீனவக் கிராமங்களில் ஏறத்தாழ 1.93 லட்சம் குடும்பங்களும் 8.03 லட்சம் பேரும் இருந்தார்கள். 2016-ல் குடும்பங்கள் 2.02 லட்சமாகக் கூடின, ஆட்கள் 7.95 லட்சமாகக் குறைந்தார்கள்.

குடும்பம் பெருகி ஆள் குறைந்தது எப்படி? குடும்பங்கள் சிறுத்துவிட்டன. சராசரியாக நாலு பேருக்கு மேல் இருந்த மீனவக் குடும்பம் நாலுக்குக் கீழே வந்துவிட்டது. படகுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கும், தனித்து வாழும் முதியோருக்கும், வீடு கேட்டு வரும் மனுக்களுக்கும் பின்னால் இந்த ஓர் எண்ணுக்கும் பங்கு இருக்கலாம். இருக்கிறதா என்று ஊருக்குள் போய்ப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. தடைக்கால நிவாரணம் எத்தனை குடும்பங்களுக்கு என்று கணிப்பவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் நிதி ஒதுக்க முடியாது.

வேலை எப்படி இருக்கும்?

மக்கள்தொகையியலாளரின் நாள் பெரும்பாலும் பிழை களைவதில் கழிகிறது. வயது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். பிறந்த தேதி தெரியாத முதியவர் "அறுபது இருக்கும்" என்பார். "அறுபத்தொன்று" என்று சொல்பவர் குறைவு. பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் கூட்டம் குவிந்துவிடும். இந்தக் குவியலை அளக்கவும் சரிசெய்யவும் முறைகள் உண்டு. சரிசெய்யாமல் விட்டால் முதியோர் ஓய்வூதியத்துக்குத் தகுதியானவர் எண்ணிக்கையே பிசகும்.

அடுத்தது ஒப்பிடுதல். பிறப்பு - இறப்புப் பதிவு, தாய்சேய் நலப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை எல்லாம் ஒரே மக்களைப் பற்றியவை, ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எங்கே ஒத்துப்போகவில்லை, ஏன் என்று கண்டுபிடிப்பவர் ஊரின் உண்மையை நெருங்குகிறார்.

மூன்றாவது, கணிப்பு. 2023-க்கான மாதிரிப் பதிவு முறையின்படி தமிழகத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.3. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறந்தால்தான் நீண்ட காலத்தில் மக்கள்தொகை குறையாமல் நிற்கும். 2011-ல் தமிழகத்தில் பத்துப் பேரில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். 2036-ல் ஐந்து பேரில் ஒருவர் அப்படி இருப்பார் என்கிறது மத்திய அரசின் வல்லுநர் குழுக் கணிப்பு. பள்ளிகளை இணைப்பதா, முதியோர் மருத்துவத்தைப் பெருக்குவதா, வெளிமாநிலத் தொழிலாளருக்கு வீடு கட்டுவதா என்ற முடிவுகள் எல்லாம் இந்தக் கணிப்பிலிருந்து கிளம்புகின்றன.

இந்த வேலைக்குக் கணினி நிரல்களும் வரைபட மென்பொருள்களும் பழக வேண்டும். அவற்றைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். உப்பளத்தில் வாருபவர் யார், பாத்தி மிதிப்பவர் யார், அவர்களுக்குக் கூலி எப்படி என்று தெரிந்திருப்பது மாதக் கணக்கில் வருவதல்ல. அந்த அறிவு கடலோரத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே கிடைத்த முதலீடு.

தமிழகத்தில் இதற்கு வேர் உண்டு

இது அந்நியமான துறை அல்ல. சென்னை மாகாணத்தில் 1871-ல் நடந்த கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ.ஆர். கார்னிஷ் என்ற சுகாதார அதிகாரி. நோயும் பஞ்சமும் எத்தனை பேரைக் கொண்டுபோகின்றன என்று தெரிந்துகொள்ளவே அன்று எண்ணிக்கை தேவைப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணும் முறை 1881-ல் தொடங்கியது.

சென்னையில் படித்து, இங்கேயே மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் ஒன்றை நடத்திய ஸ்ரீபதி சந்திரசேகர் 1967 முதல் 1970 வரை மத்தியில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். டாக்டர் டி.எஸ். சௌந்தரம் வளர்த்த காந்திகிராமத்தில் 1964-ல் உருவான ஊரக நல்வாழ்வு மற்றும் குடும்பநல நிறுவனத்தில் மக்கள்தொகை ஆய்வு மையம் இயங்கிவந்திருக்கிறது.

கேரளம் இன்னும் ஒரு படி மேலே போனது. திருவனந்தபுரத்தில் 1998 முதல் நடந்துவரும் கேரள இடப்பெயர்வு ஆய்வு, வளைகுடாவுக்குப் போனவர் எத்தனை, அனுப்பும் பணம் எவ்வளவு, திரும்பி வந்தவர் நிலை என்ன என்று தொடர்ந்து சொல்லிவருகிறது. தமிழகத்துக்கும் 2015-ல் அப்படி ஓர் ஆய்வு நடந்து, ஏறத்தாழ 22 லட்சம் தமிழர்கள் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பிட்டது. சபராளிகள் நிறைந்த கரைக்கு அத்தகைய ஆய்வு ஒருமுறை நடந்தால் போதாது.

படிப்பும் வழியும்

மேல்நிலைப் பள்ளியில் கணிதமோ புள்ளியியலோ படிப்பது நல்ல தொடக்கம். பட்டப்படிப்பில் புள்ளியியல், கணிதம், பொருளியல், சமூகவியல், புவியியல் ஆகிய எதிலிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம். ஆனால் புள்ளியியல் ஒரு பாடமாகவாவது இருந்தால் பல கதவுகள் திறக்கும்.

மேற்படிப்புக்கு முதன்மையான இடம் மும்பை தேவ்னாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 1956-ல் தொடங்கப்பட்ட இது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தேசியக் குடும்பநல ஆய்வுகளை ஒருங்கிணைப்பதும் இதுவே. இங்கே முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கலாம். தேர்வாகும் மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. தமிழகத்தில் அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்கள் மக்கள்தொகைக் கல்விக்குத் தனித் துறைகளை நடத்திவந்திருக்கின்றன.

அரசு வேலைக்கு மூன்று வழிகள் உள்ளன. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு முதல் வழி. புள்ளியியலைப் பாடமாகக் கொண்ட பட்டம் வேண்டும், வயது 21 முதல் 30 வரை. பணியாளர் தேர்வு ஆணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வு வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர், புள்ளியியல் ஆய்வாளர் பதவிகளுக்குப் போவது இரண்டாவது. மாநிலத் தேர்வாணையம் வழியாகப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் சேர்வது மூன்றாவது.

அரசுக்கு வெளியே பொதுச் சுகாதார ஆய்வு நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், சந்தை ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் போன்ற பன்னாட்டு அமைப்புகள் ஆகியவற்றில் இடம் உண்டு.

குறையையும் சொல்லியாக வேண்டும். ஆய்வுத் திட்டங்களில் பெரும்பாலான வேலைகள் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். களப்பணியாளருக்கு ஊதியம் குறைவு, அலைச்சல் அதிகம். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. இந்தத் துறைக்கு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி, தேர்வுக்குத் தயாராவதையும் ஆய்வு அனுபவத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

எண்ணின் மேல் பொறுப்பு

மக்கள்தொகை எண்கள் அச்சத்தைக் கிளப்பவும் பயன்படுத்தப்படுகின்றன. ஒரு சமூகம் பெருகி மற்றொன்றை விழுங்கிவிடும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டும் உண்மை வேறு. 1992-93-ல் 4.4 ஆக இருந்த முஸ்லிம்களின் கருவள விகிதம் 2019-21-ல் 2.4-க்கு இறங்கியது, இந்துக்களிடம் 3.3-லிருந்து 1.9-க்கு இறங்கியது. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கிவருகின்றன. பெண் கல்வி எங்கே உயர்கிறதோ அங்கே பிறப்பு குறைகிறது. பல சமூகத்தார் அக்கம்பக்கமாக வாழும் கரையில் இதை எடுத்துச் சொல்லும் ஒருவர் அமைதிக்கும் காவலராகிறார்.

சொந்த விவரங்களைக் காப்பது மற்றொரு பொறுப்பு. கணக்கெடுப்பில் தனிநபர் தரும் விவரங்கள் ரகசியம் என்று 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் சொல்கிறது. சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30-ல் மத்திய அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது. எல்லாச் சாதிகளின் விவரமும் வெளியான கடைசிக் கணக்கெடுப்பு 1931-ல் நடந்தது. இப்போது செயலி வழியே பதிவாகும் விவரம் யார் கைக்கும் போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் உண்மையைச் சொல்வார்கள். உண்மை சொல்லப்படாத கணக்கைக் கொண்டு எந்த நிபுணரும் எதுவும் செய்ய முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கணக்கெடுப்பு முடிவுகள் ஊராட்சி வாரியாக, எளிய தமிழில், தாமதமின்றி வெளியாக வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒன்றிலாவது ஊரின் எண்களை வாசித்து, "சரியா?" என்று மக்களிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, கடலோர அரசு மேல்நிலைப் பள்ளிகளில் புள்ளியியல் பாடப்பிரிவைப் பரவலாக்க வேண்டும். மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்ட வழிகாட்டலில் மருத்துவம், பொறியியலோடு மக்கள்தொகையியலும் இடம்பெற வேண்டும்.

மூன்றாவதாக, ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி போன்ற ஓர் இடத்தில், காந்திகிராம நிறுவனத்தின் துணையோடும் மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தின் துணையோடும் ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கலாம். மீனவக் கணக்கெடுப்பும் பொதுக் கணக்கெடுப்பும் அடுத்தடுத்து வந்திருக்கும் இந்தக் காலத்தைவிடப் பொருத்தமான தருணம் கிடைக்காது.

நான்காவதாக, மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் மக்கள்தொகை ஆய்வாளர் பணியிடம் ஒன்றை உருவாக்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளருக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் மீனவருக்கும் வழங்கும் நிவாரணப் பட்டியல்களில் விடுபட்டவர் யார் என்று ஆண்டுதோறும் சரிபார்ப்பது அவருடைய முதல் பணியாக இருக்கட்டும்.

ஐந்தாவதாக, கேரளத்தைப் போல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தமிழக இடப்பெயர்வு ஆய்வை நடத்த வேண்டும். களப்பணிக்கு உள்ளூர்ப் பட்டதாரிகளை, குறிப்பாகப் பெண்களை, முறையான ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். கணவர் கடல் கடந்து போன வீட்டில் வெளியூர் ஆண் ஒருவர் நின்று கேட்டுப் பெற முடியாத விடைகளை அந்த ஊர்ப் பெண் பெற்றுவிடுவார்.

கடைசியாக ஒன்று ஊர் மக்களின் கையில் இருக்கிறது. கணக்கெடுப்பாளர் வரும்போது வயதை உத்தேசமாகச் சொல்லாமல் ஆவணத்தைப் பார்த்துச் சொல்லலாம். பாசி எடுப்பதையும் உப்பு வாருவதையும் வேலை என்றே சொல்லலாம். பிறந்த குழந்தையை 21 நாளுக்குள் பதிவு செய்யலாம்.

வாலிநோக்கத்தில் இந்த ஆண்டு பிளஸ் 1-ல் சேரும் ஒரு மாணவி, முதுகலை முடித்து வர ஏழு ஆண்டுகள் ஆகும். 2027-ன் கணக்கு அப்போதும் நாட்டின் திட்டங்களுக்கு அடிப்படையாக இருக்கும். அதில் தன் ஊரின் வரியை எடுத்துப் படித்து, எது சரி, எது விடுபட்டது என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யாரும் இருக்க முடியாது. அவருக்கு அந்தப் பாடப்பிரிவைத் திறந்துவைப்பது அரசின் கடமை.